சுவருக்குள் நிற்கும் தண்ணீர்

கொடியில் போட்ட ஈரச் சேலையின் ஒரு முனை மட்டும் காய்ந்திருந்தது. அவள் உதறி விரித்துப் பார்த்தாள். காய்ந்த இடம் கசங்கிச் சுருங்கி, ஓரத்தில் பல் பதிந்த தடத்தோடு, யாரோ வாயில் வைத்து நெடுநேரம் உறிஞ்சியதுபோல் இருந்தது.

வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

"என்னங்க, சேலையை என்ன பண்ணீங்க?"

கட்டிலிலிருந்து சிரிப்பு வந்தது. "ஊர்ல பாதி வீட்டுக்குக் குழாய் போட்டவன்டி நான். எனக்கே டம்ளர்ல அளந்து ஊத்துற. சேலையைச் சப்பாம என்ன செய்ய?"

ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்து, எலும்பைக் கம்பியால் கட்டித் தைத்து அனுப்பியிருந்தார்கள். இதயம் தப்பியது, அந்த அமளியில் சிறுநீரகம் படுத்துவிட்டது. குடிப்பது எதுவும் வெளியே வருவதில்லை. கால்கள் தூணாக வீங்கி, முகம் உப்பி, கண்கள் இரண்டும் வெறும் கோடுகளாகிவிட்டன. அடுத்த டயாலிசிஸ் காலையில்தான்.

"இன்னிக்கு அளவு முடிஞ்சிடுச்சும்மா. இனி ஒரு சொட்டு கூடாது. நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டா அப்பா மூச்சுமுட்டியே போயிடுவாரு," என்று போனில் மகள் அழுதிருந்தாள்.

அவள் குடத்தைக் கவிழ்த்தாள். அடுக்களையைப் பூட்டினாள். மாடியேறித் தொட்டியின் வால்வை மூடி, அதன் கைப்பிடியையும் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். குழாய்க்காரரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

இறங்கி வரும்போதே அந்தச் சத்தம் கேட்டது. பொழுது சாய்ந்து, அறையெங்கும் மருந்து நெடியும் அவர் மூச்சில் ஏறியிருந்த மூத்திர வாடையும் கலந்து கனத்துக்கிடக்க, சன்னல் நிழல் நீண்டு விழுந்த சுவரில் காதை ஒட்டிக்கொண்டு, விரல் முட்டியால் மெல்ல, மிக மெல்ல, தூங்கும் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் அவர் தட்டிக்கொண்டிருந்தார்.

டொக். டொக்.

"கட்டிலுக்கு வாங்க. நெஞ்சுத் தையல் விட்டுடும்."

"வால்வை மூடினா தண்ணி தீந்துடுமா, பைத்தியக்காரி? குழாய்க்குள்ள நிக்கும்டி. காலிச் சுவரு டொக்குங்கும். தண்ணி நிக்கிற சுவரு தொம்முங்கும். கேளு."

தட்டிக்கொண்டே நகர்ந்தார். டொக். டொக். ஓரிடத்தில் விரல் நின்றது.

தொம்.

"இந்தா இருக்கு," என்றார் ஆசையாக.

கட்டிலடியில் கிடந்த தன் வேலைப் பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். பூச்சு தெறித்தது. செங்கல் பிளந்தது. அவள் பாய்ந்து கையைப் பிடித்தாள்.

"வேணாங்க! செத்துப்போவீங்க!"

"செத்தாலும் தாகத்தோட சாவ மாட்டேன். விடுடி!"

பின்னுக்கு ஓங்கிய சுத்தியல் அவள் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தாள்.

அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் சட்டையில் சிவப்பு படர்ந்தது. நெஞ்சுத் தையல் ஒவ்வொன்றாக அறுந்தது. உள்ளே கம்பி பளபளத்தது. குழாய் பிளந்தது. துரு கலந்த தண்ணீர் பீய்ச்சியது. அவர் வாயைப் பொருத்தினார். உடைந்த முனை உதட்டைக் கிழித்தது. கிழியட்டும் என்று குடித்தார். மடக். மடக். மடக்.

தண்ணீர் தீர்ந்தது.

அவர் மல்லாந்து சாய்ந்தார். வாயிலிருந்து இளஞ்சிவப்பு நுரை. முகம் நீலம். பிறகு அசைவில்லை.

"என்னங்க."

காலை இழுத்துக்கொண்டு ஊர்ந்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். ஈரம். கம்பியின் குளிர்ச்சி. துடிப்பு இல்லை. மூச்சும் இல்லை. அப்படியே அவர்மேல் கிடந்து அழுதாள்.

டொக்.

அவள் முதுகில்.

விரல் முட்டி. மெல்ல. மிக மெல்ல.

எழப் பார்த்தாள். வீங்கிய கை ஒன்று தலையை அந்த நெஞ்சோடு அழுத்தியது. காதுக்கடியில் துடிப்பு இல்லை. இப்போதும் இல்லை.

டொக். விலா.

டொக். தோள்பட்டை.

விரல் கழுத்துக்கு வந்தது. தட்டியது. நின்றது.

தொம்.

தலையை அழுத்தியிருந்த கை விலகி, தரையில் சுத்தியலைத் தேடித் தடவியது.