அரிப்பு நின்ற பிறகு

மழைக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் படியில் ஓடி ஏறினாள். ஈரத்தில் கால் வழுக்கியது. எவனோ ஒருத்தன் கை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. கம்பியைப் பற்றித் தானே நிமிர்ந்தாள்.

"ஏன், என் கையில கரண்டா ஓடுது?"

"உங்க வேலையப் பாருங்க."

அவனுக்கு வேலையே அவள்தான் என்று உள்ளே போனதும் தெரிந்தது. புது மாத்திரையைச் சோதிக்கிற பிரிவில் ரத்தம் எடுப்பவன் அவன். அவள் தையல்காரி. குடிக்காமலே ஈரலில் தழும்பு விழுகிற வியாதி. ராப்பகலாக அரிப்பு.

கையை நீட்டச் சொன்னான். உள்ளங்கை முழுக்க நகக் கீறல்... அவன் கண்ணில் அருவருப்பைத் தேடினாள். இல்லை.

"வாசல்ல பேசினது தப்புங்க."

"பரவால்ல, மெதுவா குத்துங்க. நானும் ஊசிக்காரிதான்."

சம்பந்தம் பேச வந்தவர்கள், ஈரல் என்றதும் "பொண்ணு குடிக்குமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். அன்றிலிருந்து எவன் நீட்டிய கையையும் பிடிப்பதில்லை என்று இருந்தவள் அவள்.

"இந்த மாத்திரை என்னதான் பண்ணும்?"

"பித்தம் குடலுக்கு வந்து வேலைய முடிச்சிட்டுத் திரும்ப ஈரலுக்கே போகும். உங்க ஈரல்ல அது தேங்கிப் புண்ணாக்குது. இந்த மாத்திரை குடல்ல அது திரும்பிப் போற வாசலைச் சாத்திடும். பித்தம் வெளிய போயிடும்."

"வெளியன்னா?"

"அது... பாத்ரூம் வழியாத்தான்."

ரெண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாவு மாத்திரையைக் குடுத்து ஏமாத்துவீங்களாமே?"

"ஒப்பிட்டுப் பாக்கத்தான். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாதுங்க."

அவள் நம்பவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் நம்பினாள்...

ஒருநாள் நர்ஸம்மா கேட்டாள். "அரிப்பு எப்படிம்மா?"

"குறைஞ்சிருக்கு. இவர் பேசிட்டிருந்தா அரிக்கிற ஞாபகமே வரலைக்கா."

நர்ஸம்மா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அதோடு வாயை மூடிக்கொண்டான். ஊசி, பஞ்சு, அடுத்த ஆள். பிறகு ரத்தம் எடுக்கவே வேறொருத்தனை அனுப்பினான்.

இவனும் அவ்வளவுதானா... என் கையைப் பார்த்துப் பயந்துட்டானா? அவள் அழவில்லை. வீட்டில் தையல் மெஷினை மிதித்த மிதியில் நூல்தான் அறுந்து அறுந்து போனது.

சோதனை முடிந்தது. முடிவு சொன்ன அன்று வாசலில் காத்து நின்றான்.

"ஏன் பேசலை?" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"என் பேச்சால அரிப்பு குறைஞ்சா, மருந்து வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? தப்பாத் தெரிஞ்சா உங்க ஈரலுக்குத்தாங்க கேடு. அதான்..."

"இப்ப என்ன தெரிஞ்சுது?"

"ரத்தத்துல பித்தம் நல்லா இறங்கியிருக்கு. உங்களுக்குக் கிடைச்சது மருந்துதான். தழும்பு குறையுமான்னு பொறுத்துத்தான் பார்க்கணும்." அவன் முகம் தொங்கியது. "ஆக, என் பேச்சால ஒண்ணும் ஆகலை."

"ஆமா, அரிப்பு போயிடுச்சு. ஆனா தூக்கம் மட்டும் இன்னும் வரலை. அதுக்கு எந்த மாத்திரை காரணமாம்?"

புரிய அவனுக்குக் கொஞ்சம் நேரமானது.

"எனக்கும் வரலைங்க... உங்களாலதான்."

கை நீட்டினான். அன்று மழை இல்லை. படி காய்ந்து கிடந்தது, வழுக்க ஒன்றுமில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டாள்.