ஏறி இறங்கிய முள்

ஏர்கோன் ஓடவில்லை. மெயின் சுவிட்சே அணைந்திருந்தது. ஆனாலும் வீட்டின் பின்புறம், அவுட்டோர் பெட்டிக்குப் போகும் செம்புக் குழாயில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. சிவநேசன் விரலால் தொட்டான், தோல் ஒட்டிக்கொண்டது. மழைக்கு முந்திய புழுக்கத்தில் கிள்ளான் ஊர் நாய்களெல்லாம் கால்வாய்க்குள் இறங்கிப் படுத்திருந்த மத்தியான நேரம் அது. ஓடாத இயந்திரத்துக்குப் பனி எங்கிருந்து வரும்?

"எப்ப ஆஃப் பண்ணீங்க ஆன்டி?"

"காலையிலேருந்தே ஆஃப்தான் தம்பி," என்றார் சீதாலெட்சுமி ஆன்டி சமையலறை வாசலில் நின்றபடி. அந்த வரிசை வீட்டில் தனியாக இருப்பவர். அவனை உள்ளே விட்டதும் முன்பக்கத்துக் கிரில் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இங்கே அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. திருட்டுப் பயத்தில், வந்த விருந்தாளியையும் சேர்த்துப் பூட்டுவதுதான் இந்த ஊர் மரியாதை.

உண்மையில் இது கிஷனுடைய வேலை. கிஷன், சிவநேசனின் தங்கை மாதவியைக் கட்டியவன்; மச்சான்கள் இருவரும் சேர்ந்து காஜாங்கில் ஏர்கோன் தொழில் நடத்துகிறார்கள். குளிர் வரவில்லையா, கேஸ் டாப் அப் பண்ணு, அடுத்த வீட்டுக்குப் போ என்பது கிஷனின் வேதம். சிவநேசனுக்கு அது ஆகாது. கேஸ் குறைந்தால் எங்கோ கசிவு என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை என்பான். அறைக்குள் இருக்கும் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் ஒரு வீட்டை விட்டும் அவன் கிளம்பியதில்லை. "நீ ஏர்கோனுக்கே ஜாதகம் பாக்குற ஆளு லா மச்சான்," என்று கிஷன் கிண்டலடிப்பான்.

போன மாதம் இந்த வீட்டுக்கு வந்து போனதிலிருந்து கிஷனுக்குக் குளிர். வெயிலிலும் ஜாக்கெட், நீலம் பாரித்த நகம், தூக்கத்தில் பல் கிட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். இன்று காலை போர்வைக்குள்ளிருந்தே சொன்னான்: "அந்த வேல பாதியில நிக்குது மச்சான். நீ ஒருதரம் போய் பாத்துட்டு வா." மாதவி இடியாப்பத்தை அண்ணன் தட்டில் மேலும் மேலும் வைத்தாள். அவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. புருஷன் கவலை, பாவம் என்று நினைத்துக்கொண்டான்.

வந்தவுடன் வழக்கம்போல மூடியைத்தான் முதலில் கழற்றினான். உள்ளே காற்றுப் போகும் தகடுகளே தெரியாமல் ஒரே பனிப் பாளம். கண்ணாடி மாதிரி வழவழவென்று, நடுவில் மட்டும் கொஞ்சம் புடைத்து. அந்த அறையில் ஊதுபத்தியும் ஈரத் துணியும் கலந்த வாடை அடித்தது. கசிவு இருந்தாலும் பனி கட்டும், தூசி அடைத்தாலும் கட்டும், அதில் அதிசயமில்லை. அழுத்தம் பார்க்கும் கேஜ் சொல்லிவிடும் என்று பின்புறம் வந்தவன்தான் இந்தக் குழாயைப் பார்த்து நின்றுவிட்டான்.

கேஜை மாட்டினான். வால்வு இரண்டையும் இறுக்கி, அறைப் பக்கத்துக் குழாயை மட்டும் தனியாகப் பிரித்தான். இனி முள் காட்டுவது அந்தப் பனிப் பெட்டியின் அழுத்தம் மட்டும்தான். முள் மெல்ல இறங்கியது. கசிவேதான் என்று தலையாட்டிக்கொண்டான்.

முள் ஏறியது.

கேஸ் கசிந்தால் முள் இறங்கும். எந்த ஊரிலும் திரும்ப ஏறாது. கேஜைத் தட்டினான். அதன் ரப்பர் ஹோஸை ஆட்டிப் பார்த்தான். முள் இறங்கியது, ஏறியது, இறங்கியது, அவசரமே இல்லாமல், தூங்குகிற ஆளின் நெஞ்சு மாதிரி. தகரக் கூரையில் முதல் மழைத்துளிகள் விழுந்தன. அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு மூச்சைப் பிடித்தான்.

முள் நின்றது.

மூச்சை விட்டான். முள் ஏறியது. உள்ளே இழுத்தான். இறங்கியது.

அவனுடைய மூச்சு.

கிஷனுக்குப் போன் அடித்தான். எடுத்தது மாதவி.

"கிஷன் எங்க? ஃபோனக் குடு."

"அண்ணே… மூடியத் திறந்துட்டியா?"

மூடியைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"திறந்தேன். ஏன்?"

அவளுக்குப் பின்னாலிருந்து கிஷனின் குரல் கேட்டது. ஒரு மாதமாகக் கேட்காத தெளிவான குரல். "மாதவி, ஃபேன் போடு லா. புழுங்குது."

"வேற யாராச்சும் திறந்தா இவரு பொழைச்சுக்குவாருன்னு அந்த ஆன்டி சொன்னாங்களாம் அண்ணே. நீ திறக்காம வரமாட்டன்னு இவருதான்… நான் வேணாம்னுதான் சொன்னேன். பிள்ளைங்களுக்கு அப்பா வேணும்ல…"

அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்ததே சிவநேசன்தான். விரல் நுனியிலிருந்து ஏறிய குளிரைவிட அது அதிகமாக வலித்தது. அவன் வேலைச் சுத்தத்தையே தூண்டில் புழுவாக்கிவிட்டார்கள். அதுவும் வீட்டு ஆட்கள். இடியாப்பம் போட்டு அனுப்பியிருக்கிறாள்! போன் கையிலிருந்து நழுவியது, விரல்கள் மூடவில்லை.

வீட்டுக்குள் ஓடினான். ஓடுவதாக நினைத்தான். முட்டிக்குக் கீழே கால்கள் மரக்கட்டையாக இருந்தன. ஹாலைக் கடந்து கிரில் கதவைப் பிடித்து உலுக்கினான். வெளியே மழையில் ஒரு பள்ளி வேன் போனது. பிள்ளைகள் சிரித்துக் கையாட்டினார்கள். கத்தினான். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. வெள்ளையாக ஆவி வந்தது. அது தெருப் பக்கம் போகவில்லை. திரும்பி, அவன் தோளைத் தாண்டி, அறைப் பக்கம் போனது.

"திறங்க ஆன்டி." முணுமுணுப்பாகத்தான் வந்தது.

சீதாலெட்சுமி ஆன்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. "திறக்கிறேன் தம்பி. முழுசா ஆகட்டும். கிஷன் தம்பியும் அங்கதான் நின்னாரு."

அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலுக்கு மேலே மூடியில்லாத பெட்டி. பனிப் பாளத்தின் புடைப்பில் இப்போது மூக்கு இருந்தது. தாடை இருந்தது.

கிஷனின் முகம்.

உருகிக்கொண்டிருந்தது. கன்னம் வழிந்து சொட்டியது. உதடு கரைந்தது. சொட்டச் சொட்ட அதன் அடியிலிருந்து வேறொரு நெற்றி எழும்பியது. வேறொரு மூக்கு. தினமும் கண்ணாடியில் பார்க்கிற மூக்கு.

சிவநேசன் மூச்சை அடக்கினான்.

அது அடக்கவில்லை.

"வெளிய போனா உடம்பு ஒரு மாசம் தாங்கும் தம்பி," என்றார் ஆன்டி மெதுவாக. "அதுக்குள்ள ஒருத்தர அனுப்பிடுங்க. இப்பவே பேரச் சொல்லிடுங்க, அது கேக்கும். உங்களுக்குன்னு யாரு இருக்கா?"

அவன் பல்லை இறுகக் கடித்துக்கொண்டான். சொல்ல மாட்டேன். யாரையும் சொல்ல மாட்டேன். என்ன செய்திருந்தாலும் அவள் என் தங்கை.

பனியில் இருந்த கண்கள் திறந்தன. பனியில் இருந்த வாய் திறந்தது.

"மாதவி," என்றது, அவன் குரலில்.