விமலராஜின் நாலாவது ஓல் இன்

ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஞானம்பிகை குசினிக் கதிரையில் ஏறி நின்று சுவர் மணிக்கூட்டின் முள்ளைப் பின்னுக்குத் திருப்பிக்கொண்டிருந்தபோது, றோசமலர் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்.

அந்த வீட்டுக்குத் தட்டாமல் வருபவர்கள் எதையாவது தொலைத்தவர்களாகத்தான் இருப்பார்கள். பலேர்மோத் தமிழருக்குள் ஞானம்பிகைக்கு அப்படியொரு பெயர். போன வருடம் கேசிகாவின் பெர்மெஸோ என்கிற வதிவிட அட்டை காணாமற்போனபோது, அது கணவனின் குளிர்ச்சட்டைக்குள் இருப்பதை அந்த மனிதர் படியேறிய விதத்தை வைத்தே சொன்னவர்.

“அக்கா, என்ரை மனுசன் என்னைச் சந்தியிலை நிப்பாட்டிப்போட்டான்!”

எதிர்வீட்டு மொனிகா வெங்காயக் கத்தியும் கையுமாக ஓடிவந்தாள். ஞானம்பிகை எங்கே துப்பறிந்தாலும் கூடவே போவது அவள் வழக்கம். யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

விசயம் இதுதான். றோசமலருக்கும் கிறிகோரிக்கும் கலியாணமாகி வருகிற ஞாயிறோடு இருபத்தைந்து வருடம். ஸ்ஃபெர்ராகவால்லோவின் கடலுணவு உணவகம் ஒன்றில் மதியச் சாப்பாடு என்று கிறிகோரி முப்பது பேருக்குச் சொல்லியாயிற்று. சுவாமியாருக்கும் சொல்லியாயிற்று. உணவகத்துக்கு மட்டும் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த விருந்து, விளையாட்டுக் கழகம் நடத்தும் போக்கர் போட்டியின் முதற்பரிசு. மனிதர் வெல்லுமுன்பே விருந்துக்கு அழைத்துவிட்டார்.

“வெண்டும் இருப்பார் அக்கா! கடைசியிலை இவரும் விமலராஜும்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்து இவர் பராமரிக்கிற கிழவி, அந்தச் சிஞ்ஞோறா, கதவைப் பூட்டிக்கொண்டு வெளியிலை நிக்கிறா. திறப்பு இவற்றை காற்சட்டைப் பொக்கற்றுக்கை. ஓடிட்டார். அரை மணித்தியாலத்துக்குள்ளை பதில் ஆள் வந்து இருக்கலாமாம். நீங்கள் பராமரிக்கிற கிழவரோடை ஒவ்வொரு நாளும் விளையாடுறனீங்கள்தானே?”

“அது கொண்டைக்கடலைக்கு, றோசமலர்.”

“இது கணவாய்க்கு! எழும்புங்கோ.”

கழக மண்டபம் வியா மக்வேதாத் தெருவின் பின்சந்தில், கோயிலோடு ஒட்டியபடி இருந்தது. வாசலில் கழகத் தலைவர் கோபாலசிங்கம் பெரிய சோற்றுப் பானை ஒன்றை நீட்டினார். போன தடவை ஒருவர் போனில் யோசனை கேட்டு வென்றதால், இந்தத் தடவை எல்லோருடைய போனும் கைமணிக்கூடும் பானைக்குள்.

“ஒரு மணிக்குத் தொடக்கம் எண்டு நோட்டீஸ் ஒட்டினனான், தங்கச்சி. எல்லாரும் வந்து குந்தி முடியச் சுவர் மணிக்கூட்டிலை இரண்டு. எங்கடை சனம் திருந்தாது.”

ஞானம்பிகை போனைப் பானைக்குள் போட்டுவிட்டு உள்ளே போய் அமர்ந்தார். அவருடைய தலைக்கு மேலே சுவரில் மணிக்கூடு, மடுமாதா படம், போன வருட நாட்காட்டி.

எதிரே விமலராஜ். ஆடி மாதத்திலும் குடையோடு திரிபவர். ஒருவழித் தெருவைக் கடக்கும்போதும் இரண்டு பக்கமும் பார்ப்பவர்.

“அவர் பராமரிக்கிற சிஞ்ஞோறா பொல்லாதது அக்கா,” என்று மொனிகா காதுக்குள் ஓதினாள். “ஆறு மணி மருந்துக் குளிசை ஒரு நிமிசம் பிந்தினா மிலானிலை இருக்கிற மகளுக்குப் போன் அடிச்சு அழும்.”

“ஆட்டக்காரரோடை கதைக்கக்கூடாது!” என்று கோபாலசிங்கம் அதட்டினார்.

ஆளுக்கு இரண்டு சீட்டுக் கவிழ்த்துக் கொடுப்பார்கள். பிறகு பொதுவில் ஐந்து விரிப்பார்கள். காசுக்குப் பதிலாகக் கையிலுள்ள வில்லைகள் முழுவதையும் நடுவில் தள்ளினால் ‘ஓல் இன்’. எதிராளி ‘பாஸோ’ என்று சீட்டை விடலாம், அல்லது ‘வேதோ’ என்று தானும் ஈடாக வைத்துப் பார்க்கலாம். இவ்வளவுதான் சங்கதி. முதலில் விமலராஜ் தன் வழக்கப்படி ஒவ்வொரு வில்லையாக, வெந்நீரில் கால் வைப்பதுபோல வைத்தார். ஞானம்பிகை கிறிகோரி விட்டுப்போன வில்லைகளைக் காத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் போனது. திடீரென்று விமலராஜ் கண்ணை உயர்த்தி மடுமாதாவைப் பார்த்தார். “ஓல் இன்.”

மண்டபம் வாயைப் பிளந்தது. ஞானம்பிகை பாஸோ சொன்னார். அடுத்த ஆட்டத்திலும் அதே பார்வை, அதே ஓல் இன். மூன்றாவதிலும் அப்படியே.

“மாதா குடுக்கிறா,” என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

“மெழுகுதிரி கொளுத்தினது நானெல்லோ!” என்றார் றோசமலர்.

நாலாவது தடவை ஞானம்பிகைக்கு வந்தவை ஓர் ஆசும் ஓர் எட்டும். பெரிய சீட்டு இல்லை, தூக்கி எறியக்கூடிய சீட்டும் இல்லை. விமலராஜ் மேலே பார்த்தார். வில்லைகளை இரண்டு கையாலும் தள்ளினார். “ஓல் இன்.”

விமலராஜைவிட ஞானம்பிகையிடம் ஒரு பிடி வில்லைதான் கூட. வேதோ சொல்லி வென்றால் விருந்து. தோற்றால் அந்த ஒரு பிடியோடு என்ன செய்ய முடியும்? றோசமலர் முப்பது வீட்டுப் படியேறி விருந்து இல்லையென்று சொல்லவேண்டியதுதான்.

“யோசிக்க மூண்டு நிமிசம்,” என்றார் கோபாலசிங்கம்.

“ஒரு தேத்தண்ணி தாங்கோ அண்ணை.”

தேத்தண்ணி ஒரு தட்டு ரோல்ஸோடு வந்தது. ஞானம்பிகை ஆற அமர ஊதினார். “ரோல்ஸ் எடுக்கேல்லையே தம்பி?”

“வேண்டாம் அக்கா.”

“உறைப்புக் குறைவு. நல்லாயிருக்கு.”

“வேண்டாம் அக்கா. எதையாவது கெதியாச் சொல்லுங்கோ.”

ஞானம்பிகை கரண்டியைக் கீழே விழுத்தினார். அதை எடுக்கக் குனிந்தவர் மேசைக்கடியில் ஒரு கணம் தங்கினார். விமலராஜின் மடியில் ஹெல்மெட். அதன் வார் ஏற்கெனவே விரலில் சுற்றியிருந்தது. ஒரு கால் வாசலைப் பார்த்தபடி துடித்துக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தார். “வேதோ.”

விமலராஜ் சீட்டைத் திருப்பினார். ஒரு ராணி, ஒரு நாலு. வெறும் சீட்டு. மண்டபமே எழுந்து மேசையைச் சூழ்ந்தது.

“எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?” மொனிகாவுக்கு மூச்சு வாங்கியது.

“அண்ணை, சீட்டைப் போடுங்கோ!” என்றார் விமலராஜ்.

“பொறும், பொறும். அவ சொல்லட்டும்.” கோபாலசிங்கம் சீட்டுக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“நல்ல சீட்டு வைச்சிருக்கிறவன், நான் வேதோ சொல்லவேணும் எண்டு ஆசைப்படுவான்,” என்று ஞானம்பிகை நிதானமாகத் தொடங்கினார். “என்னைப் பாஸோ சொல்ல வைக்க நினைக்கிறவன் பேசாமல் இருப்பான். விமலராஜ் இரண்டுமில்லை. எதையாவது சொல்லுங்கோ எண்டார். ஆளுக்கு வெல்லுறதோ தோற்கிறதோ இல்லைப் பிரச்சினை. முடியவேணும்.”

“அண்ணை, சீட்டு!”

“நாலு ஆட்டத்துக்கும் தொடர்ந்து நல்ல சீட்டு வராது. ஆனா நேரம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போய்க்கொண்டிருக்கும். எழும்பிப் போனாத் தோல்வி. இருந்தாக் குளிசை பிந்தும். அதுதான் எந்தச் சீட்டெண்டாலும் தள்ளுறார். நீங்கள் எல்லாரும் அவர் மாதாவைப் பார்க்கிறார் எண்டு நினைச்சியள். அவர் பார்த்தது பக்கத்திலை இருக்கிற மணிக்கூட்டை.”

எல்லோரும் நிமிர்ந்தார்கள். மணிக்கூடு ஐந்து இருபத்தைந்து காட்டியது.

கோபாலசிங்கம் சீட்டை விரித்தார். முதல் மூன்றில் ஒரு நாலு. விமலராஜுக்குச் சோடி. றோசமலர் கண்ணை மூடிக்கொண்டார். நாலாவது சீட்டு ஒன்றுக்கும் உதவவில்லை. ஐந்தாவது ஆசு. ஞானம்பிகைக்கு அதைவிடப் பெரிய சோடி.

கூச்சலுக்குள் விமலராஜ் ஹெல்மெட்டை மாட்டியபடி வாசலுக்குப் பாய்ந்தார்.

“தம்பி, இருந்து ரோல்ஸ் சாப்பிட்டிட்டுப் போ,” என்றார் ஞானம்பிகை. “இப்ப நாலு இருபத்தைஞ்சு.”

விமலராஜ் அப்படியே நின்றார். மொனிகா பானைக்குள் கைவிட்டு ஒரு போனை எடுத்துப் பார்த்தாள். நாலு இருபத்தைந்து.

“ராத்திரி இத்தாலி முழுக்க நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாத்தினதெல்லோ. போன் தானா மாறியிருக்கும். இந்தச் சுவர் மணிக்கூட்டை ஆர் மாத்தினது? நான் இப்பதான் வீட்டு மணிக்கூட்டை மாத்திப்போட்டு வந்தபடியால் எனக்குத் தெரிஞ்சது. உங்கடை போனெல்லாம் பானைக்குள்ளை.”

“தெரிஞ்சும் எனக்குச் சொல்லேல்லையே அக்கா!”

“சொல்லியிருந்தா நீ பழையபடி விமலராஜாயிருப்பாய் தம்பி. அந்த விமலராஜை என்னாலை வெல்லேலாது.”

விமலராஜ் யோசித்தார். அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு ரோல்ஸ் ஒன்றை எடுத்தார். கோபாலசிங்கத்தின் முகம்தான் இருண்டுபோயிருந்தது.

“அப்ப இண்டைக்கு நாங்கள் தொடங்கினது...”

“சரியா ஒரு மணிக்கு, அண்ணை.”

கழகத்தின் பதினெட்டு வருடத்தில் முதற்தடவையாக ஒரு நிகழ்ச்சி நேரத்துக்குத் தொடங்கியிருக்கிறது. ஒரு மணித்தியாலம் பிந்துவதுதானே எங்கள் முறை என்று, மணிக்கூட்டைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்ஃபெர்ராகவால்லோ விருந்துக்கு ஒரு மணிக்கு அழைப்பு. ஒரு மணிக்கு உணவக வாசலில் நின்றவர்கள் இரண்டே பேர்: ஞானம்பிகை, ஹெல்மெட்டோடு விமலராஜ். மற்றவர்கள் எல்லோரும், சுவாமியாரும் தம்பதியரும் உட்பட, இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். புதுக் கோட்டோடு இறங்கிய கிறிகோரி, “ஆக்கள் எல்லாரும் நேரத்துக்கு வந்திட்டினம்,” என்று பெருமைப்பட்டார்.

விமலராஜ் இறாலைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

“சாப்பிடு தம்பி,” என்றார் ஞானம்பிகை. “இது சரியான மணிக்கூடு. வந்தவுடனை பார்த்திட்டன்.”