சூடு வருதா?

புது ரேடியேட்டர் மாட்டிய பிறகும் லாரிக்குள் ஹீட்டர், யாரோ கைமேல் மூச்சு விடுவது போல, வெதுவெதுவென்றுதான் ஊதியது. மலை ஏற ஏறக் கண்ணாடியில் பனி படர்ந்து பாதையே மறைந்துபோனதும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். பக்கத்தில் அவர் மனைவி கம்பளிக்குள் சுருண்டிருந்தாள்.

“புது ரேடியேட்டரும் பழைய பொண்டாட்டியும் சேந்து என்னை விறைக்க வைக்கிறீங்க,” என்று சிரித்தார். “உள்ள காத்து அடைச்சிருக்கும். எஞ்சின் ஓடட்டும். மூடியத் தொறந்து தண்ணி ஊத்தினா காத்து வெளியேறிடும். நீ ஹீட்டர் மேல கைய வெச்சுக்க, கேக்கறப்ப சொல்லு. எறங்காத.”

அவர் தூக்கி நிறுத்திய பானெட் முன்பக்கத்தை அடைத்துக்கொண்டது. எஞ்சினின் தடதடப்பு, சுட்ட இரும்பின் வாடை, அடியில் குமிழிகள் உடையும் களக் களக். இத்தனைக்கும் நடுவே குரல் வந்தது.

“சூடு வருதா?”

“இல்லீங்க.”

களக்.

“சூடு வருதா?”

“கொஞ்சூண்டு. போதுங்க, உள்ள வாங்க.”

களக்.

“சூடு வருதா?”

அதே இழுவை. முதல் தடவை கேட்டதிலிருந்து ஒரு மூச்சுகூட மாறவில்லை.

அலுப்போடு பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால், மூடுபனிக்குள், தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மேடேறி வந்துகொண்டிருந்தார். இடது காலைச் சற்றே இழுக்கும் நடை. அவள் பின்னிக் கொடுத்த குல்லாய்.

“சூடு வருதா?” முன்னாலிருந்து.

கதவுப் பிடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை எழவில்லை.

லாரியை நெருங்கிய கணவர் எட்டி முன்பக்கத்தைப் பார்த்தார். கேன் நழுவி உருண்டது. கூப்பிடுவார். கட்டாயம் கூப்பிடுவார்.

கூப்பிடவில்லை. ஓரடி பின்வாங்கினார். இன்னோரடி. பனி மூடிக்கொண்டது.

“பின்னாடி பாக்காத,” என்றது முன்னாலிருந்து அவர் குரல்.

திடீரென்று ஹீட்டர் கொதித்தது. முன்கண்ணாடியில் பனி கீழிருந்து மேலாக விலகியது. பானெட் இறங்கியது. மெல்ல. சத்தமில்லாமல்.

அதற்கு அப்பால் கணவரின் கட்டம்போட்ட சட்டை. பட்டன்கள். மேலே இன்னும் பட்டன்கள். கண்ணாடியைத் தாண்டி, கூரையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. முகம் தெரியவில்லை.

பிறகு அது குனியத் தொடங்கியது.