பித்தளைப் பொட்டு

கதவைத் தட்டக்கூட இல்லை. உள்ளே வந்த வேகத்தில், "தாழ்ப்பாள் போட்டுடுங்க" என்றாள் அந்தப் பெண். அவள் பின்னாலேயே வந்த வண்டிக்காரர் ஒரு சாக்கு மூட்டையைத் தரையில் இறக்கிவிட்டுப் போனார். பட்டப்பகல்தான். ஆனாலும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

விபத்தில் நொறுங்கிய வண்டிகளைச் சோதித்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்மையைச் சொல்வது அந்த வீட்டுக்காரரின் பழைய தொழில். வீடே இடிந்து விழுந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்பதால் 'நிதானம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய மச்சினன் அதற்கு நேர்மாறு. எள் என்றால் எண்ணெயாக நிற்பான். எண்ணெய் யாருக்கு வேண்டும் என்று மட்டும் கேட்கமாட்டான்.

அவன்தான் சாக்கைப் பிரித்தான். உள்ளே பழைய சைக்கிள் ஃபிரேம். சக்கரம் இல்லை, ஹேண்டில்பார் இல்லை, கம்பெனிப் பெயரும் இல்லை. கறுப்புப் பெயிண்ட், மூட்டுகளில் துரு.

"பரண்ல இருந்துச்சு சார். என் வீட்டுக்காரர் ஒளிச்சு வச்சிருந்தார்," என்றாள். "இது என் அண்ணன் செஞ்சது. என் கல்யாணத்துக்கு முந்தின மாசம் சைக்கிள எடுத்துட்டுப் போனவன், வரவேயில்ல. பல வருஷமாச்சு. இவரு அவனை ஏதாவது பண்ணியிருப்பாரோன்னு பயமாயிருக்கு."

"அண்ணன் செஞ்சதுதான்னு எப்படித் தெரியும்மா?" என்று கேட்டார் நிதானம்.

"சைக்கிள் ஆலையில பத்தவைக்கிற வேலை அவனுக்கு. பித்தளைய உருக்கிக் குழாய்ங்கள ஒட்டுவான். எல்லா இடத்தையும் அரம் போட்டு வழவழன்னு ஆக்கிட்டு, ஒரே ஒரு சொட்டை மட்டும் அப்படியே விட்டுடுவான். கண்ணு படக்கூடாதாம்."

ஃபிரேமின் இடப்பக்கம், பின்சக்கர அச்சுக்கு அருகில், மேல்நோக்கி ஒரு சின்ன இரும்புக் கிண்ணம் ஒட்டியிருந்தது. அதற்கு நேர் மேலே குழாயில் ஒரு வளையம். கிண்ணத்தின் அடியில் அவள் பெயிண்டைச் சுரண்டியிருந்த இடத்தில் எள்ளளவு பித்தளை மின்னியது.

மச்சினன் ஃபிரேமைக் கவிழ்த்துப் பெடல் அச்சு போகும் கூட்டைத் தடவினான். "அத்தான்! இங்கதான ஆலை நம்பர் குத்துவாங்க? காணோம்! அராவிட்டான்! கொலை பண்ணவன் தடயத்த அழிக்காம விடுவானா?"

"வாயை மூடு மாப்ளே," என்றார் நிதானம்.

அதற்குள் அவள் மேசையைப் பற்றிக்கொண்டாள். சாய்த்து வைத்திருந்த அவளுடைய கைத்தடி தடாலென்று விழுந்தது. மச்சினன் அசட்டுச் சிரிப்போடு அதை எடுத்தான். "அடேயப்பா, உலக்கை மாதிரி இருக்கே!"

"அவர் கடைஞ்சது. தச்சுவேலைதான் அவருக்கு. கல்யாணமாகி மறுவருஷம் மாடிப்படியில விழுந்து காலு போச்சு. கடையில வாங்கின தடி ஒல்லியா கையில நிக்கலன்னு அவரே செஞ்சு குடுத்தார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்படித் தாங்கின மனுஷன் சார். பரண்ல என்னன்னு கேட்டதுக்குப் பழைய இரும்புன்னாரு. என் முகத்தையே பாக்கல. இனி அந்த வீட்டுல எப்படிக் கண்ண மூடித் தூங்குவேன்?"

"அண்ணனுக்கு வேற யாராவது எதிரிங்க?"

"ஆலையில தீப்பிடிச்சப்ப கதவை வெளியில பூட்டினது முதலாளி ஆளுங்கதான்னு சாட்சி சொல்லப் போறேன்னான். அவன் போன பிறகும் அவனுங்க வீட்டுக்கு வந்து, எங்கடி அவன்னு மிரட்டிட்டே இருந்தாங்க."

"ஆள் எப்படி இருப்பார்?"

"நெட்டை. நிலைப்படியில குனிஞ்சுதான் வருவான்."

நிதானம் தரையில் உட்கார்ந்து ஃபிரேமைச் சாண் போட்டு அளக்க ஆரம்பித்தார். அப்போது கதவு இடிபட்டது. "உள்ள இருக்கியா? கதவத் திற! வண்டிக்காரன் எல்லாம் சொல்லிட்டான்!"

"அவருதான்!" அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். மச்சினன் கைத்தடியை ஓங்கிக்கொண்டு கதவருகே நின்றான்.

"இரு, இன்னும் ஒரு சாண் பாக்கி," என்று அளந்து முடித்துத்தான் எழுந்தார் நிதானம். "திற. தடிய இங்க குடு, அது அடிக்க இல்ல."

உள்ளே வந்த தச்சர் ஃபிரேமைப் பார்த்ததும் அப்படியே உறைந்துபோனார். தலையெல்லாம் மரத்தூள்.

"உட்காருங்க," என்றார் நிதானம். "அம்மா, நம்பரை யாரும் அராவல. அராவினா அந்த இடம் தட்டையாயிடும். இங்க விரல் வச்சா உருண்டையா வழுக்குது. நம்பர் குத்தவே இல்ல. அப்போ இது ஆலைக்கு வெளியில செஞ்சது. ரெண்டாவது, நெட்டை ஆளு இதுல ஏறினா முழங்கால் முகவாயில இடிக்கும். இது அண்ணன் ஓட்டிட்டுப் போன வண்டியே இல்ல. மேல்குழாய் எவ்வளவு தாழ்வா இருக்கு பாருங்க. குள்ளமான, காலைத் தூக்கிப் போட முடியாத ஒருத்தருக்குச் செஞ்சது."

"அந்தக் கிண்ணமும் வளையமும் காத்தடிக்கிற பம்பு வைக்கத்தான அத்தான்?"

"உலக்கை மாதிரி பம்ப எங்கயாவது பாத்திருக்கியா?"

கைத்தடியை வளையத்தில் நுழைத்து மெல்ல இறக்கினார். அடிமுனை கிண்ணத்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. அசைத்தார்; அசையவில்லை.

"பொட்டு இந்தக் கிண்ணத்துக்கு அடியில இருக்கு. அப்போ இதை ஒட்டினது உங்க அண்ணன்தான். ஆனா தடி உங்க கைக்கு வந்தது எப்போ? அவர் போன பிறகு."

அவள் எட்டித் தடியைத் தொட்டாள். "அப்போ... உயிரோட இருந்திருக்கான்."

"இந்தத் தடியோட பருமன் கடைஞ்சவருக்குத்தான் தெரியும். அளவைக் கொண்டுபோய்க் குடுத்தது யாருன்னு அவரே சொல்லட்டும்."

தச்சர் தலை கவிழ்ந்தார். "நான்தான். அவன ஊரு தாண்டி அனுப்பி வச்சதும் நான்தான். உனக்குப் பொய் சொல்ல வராதும்மா. எங்கன்னு தெரிஞ்சா அவனுங்க உன்னை உலுக்கியே வாங்கிடுவாங்க. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்தேன். உனக்குக் கால் போச்சுன்னு கேட்டதும் துடிச்சுப்போயிட்டான். தங்கச்சிக்குன்னு செஞ்சு குடுத்தான். கொண்டுவந்துட்டேன், யார் செஞ்சதுன்னு நீ கேட்டா என்ன சொல்றது?"

"அந்த முதலாளி செத்து எத்தனை வருஷமாச்சு!" என்று கத்தினாள்.

"அதுக்கப்புறம் உன்னை நினைச்சுத்தான் பயம். இத்தனை வருஷம் அழ விட்டியே பாவின்னு விட்டுட்டுப் போயிடுவியோன்னு."

"இருக்கானா?"

"இருக்கான். தலை நரைச்சிடுச்சு. போறப்பல்லாம் கேக்குறான், தங்கச்சி சைக்கிள் ஓட்டுறாளான்னு. நான்... நல்லா ஓட்டுறாள்னு சொல்லி வச்சிருக்கேன்."



அவள் கிண்ணத்தின் அடியைத் தடவினாள். வெகுநேரம் தடவினாள். பிறகு கணவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இன்னும் அப்படியே இருந்தது.

"உங்களை அப்புறம் வச்சுக்கிறேன். முதல்ல இதுக்குச் சக்கரம் மாட்டுங்க. அவன்கிட்டச் சொன்னதையாவது உண்மையாக்கிட்டு, அவனைப் பாக்கப் போகலாம்."