சந்தனமாரியின் குரல்

ஏ.சி. காற்றில் உப்பும் டீசலும் கலந்த வாசனை வந்தது. ஒரகடத்தில் கடல் கிடையாது. மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, மழைக்கு முந்திய மங்கலான மதியத்தில், ஷிப்ட் முடிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அந்தப் புகை இவ்வளவு உயரம் ஏறி, மூடிய கண்ணாடியைத் தாண்டி உள்ளே வர வழியில்லை என்று ரகுபதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் மூச்சை இழுக்கும்போதெல்லாம் நாக்கில் உப்பு கரித்தது.

“ஏ.சி.லேர்ந்து இன்னாமோ வாசனை வருது மேடம்.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே,” என்றாள் மெர்சி. கடத்தப்பட்ட சரக்குக் கப்பல் மீட்கப்பட்டது பற்றி மாலுமிகளிடம் வாக்குமூலம் வாங்கும் வழக்கறிஞர் அவள். அவர்களில் ஒருவனான ரகுபதிக்குப் பிள்ளைப்பாக்கத்திலிருந்து வந்துபோக வசதியாக இருக்கட்டும் என்று இந்த அறையை ஏற்பாடு செய்திருந்தாள். மேசையில் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் ரஞ்சனி உட்கார்ந்திருந்தாள். கப்பலில் செத்துப்போன சந்தனமாரியின் மனைவி. தூத்துக்குடியிலிருந்து ரயிலேறி, செங்கல்பட்டில் மாறி, சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். அவர் கடைசியாகப் பேசியதை ரகுபதியின் வாயால் கேட்காமல் ஊர் திரும்பமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ரகுபதி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“கொள்ளக்காரங்க ஏறுனதும் கேப்டன் எல்லாரையும் எஞ்சின் ரூம் பக்கத்துல இருக்குற இரும்பு ரூமுக்கு ஓடச் சொன்னாரு. மாரி மேல்தளத்துல டூட்டில இருந்தான். அவன் வர்றதுக்குள்ள கதவ சாத்திட்டாங்க. நேவி வந்து கப்பல மீட்குற வரிக்கும் எதுக்கும் தொறக்கக் கூடாதுன்னு ஆர்டரு. மேல சுடுற சத்தம் கேட்டுச்சு. அப்பால ஒண்ணுமில்ல. மறுநாள்தான் கதவத் தட்டுனான்.”

“என்ன சொன்னாவ?” என்று கேட்டாள் ரஞ்சனி.

“‘ஏல ரகு, கதவத் தொற, குளிருது’ன்னான். உள்ள இருந்ததுல நான் ஒருத்தன்தாம்மா தமிழு. தொறக்க ஓடுனேன். நாலு பேரு என்னைக் கீழ தள்ளி மேல உக்காந்துக்கினாங்க. நேவி வர்ற வரிக்கும் தட்டிக்கினேதான் இருந்தான்.”

மெர்சி முன்னால் குனிந்தாள். “கமாண்டோக்கள் வந்தப்ப அவர் எங்க இருந்தார்?”

“மேல்தளத்துல. கயித்துக் குவியலுக்குப் பின்னாடி கெடந்தான். மொத நாளே சுட்டுட்டாங்கன்னு நேவி டாக்டர் சொன்னாரு.”

“அப்ப கதவைத் தட்டினது?”

“வெளிய யாரும் இல்ல மேடம். இரும்புல ஈரம் மட்டும்தான் இருந்திச்சு.”

பயப்படுவாள் என்று நினைத்தான். ரஞ்சனி பயப்படவில்லை. அழுது வீங்கியிருந்த அவள் கண்களில் ஒரு வெறித்தனமான நம்பிக்கை ஏறியது.

“அப்ப அவுக சாகல.”

“அம்மா, நானே பாத்தேன்…”

அறை விளக்கு அணைந்தது. ஏ.சி. ஒரு முனகலோடு நின்றது. மேகம் மூடிய ஜன்னல் வழியே சாம்பல் நிற வெளிச்சம் மட்டும் அறைக்குள் கசிய, வாசனை கெட்டியாகி, கப்பலின் அடித்தளத்தில் தேங்கிய தண்ணீர்போலத் தொண்டையை அடைத்தது. இப்போது மெர்சியும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது.

மரக்கதவு அது. எழுந்ததோ இரும்பின் ஓசை.

“ஏல ரகு.”

அதே குரல். மெர்சியின் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. அவளுக்கும் கேட்கிறது.

“ரஞ்சி… நீயும் வந்திருக்கியா? கதவத் தொற. குளிருது.”

ரஞ்சனி எழுந்தாள். ரகுபதி பாய்ந்து அவள் கையைப் பிடித்தான்.

“போவாதம்மா. அது அவன் இல்ல.”

“விடுங்கண்ணே! எம் புருசன் சத்தம் எனக்குத் தெரியாதா?”

“மேடம், புடிங்க! இவங்களப் புடிங்க!”

மெர்சி அசையவில்லை. உதடுகள் மட்டும் ஜெபம்போல நடுங்கின. ரஞ்சனி திமிறினாள். நகத்தால் கீறினாள். அவன் காலில் விழுந்தாள்.

“ஒரு தடவ பாத்துக்கிடுதேன். ஒரே ஒரு தடவ. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

அவன் பிடியை விடவில்லை. அன்று தன் மேல் உட்கார்ந்திருந்த நாலு பேரும் தனக்குக் கேட்காமல் அழுதிருப்பார்கள் என்று இப்போது தோன்றியது.

தட்டும் ஓசை. மறுபடி. இன்னும் பலமாக.

அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். எலும்புவரை வலி. பிடி நழுவியது.

கதவை இழுத்துத் திறந்தாள். வெளியே இருட்டு. ஒரு நொடி அவள் முகம் மலர்ந்தது.

“வந்துட்டியளா,” என்றாள்.

போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சத்தமே இல்லை.

கீழே ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது. கதவின் நடுவே ஒரு கண்ணாடிப் பட்டை இருந்தது. ரகுபதி அதன் அருகே போனான். பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தான்.

நடைபாதையில் வேறு யாருமில்லை. ரஞ்சனி மல்லாந்து கிடந்தாள். தலைமுடியும் சேலையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. கண்கள் விழித்திருந்தன. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

கதவு தட்டப்பட்டது.

“அண்ணே.”

ரஞ்சனியின் குரல்.

“கதவத் தொறங்கண்ணே. குளிருது.”

அவன் திரும்பி, முதுகைக் கதவில் கொடுத்து, கால்களை ஊன்றி அழுத்தினான். மெர்சி ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண்ணாடி வழியே எதையும் பார்க்கவில்லை.

“நகருங்க! அந்தப் பொண்ணு கூப்பிடுது, கேக்கலையா? நகருங்க ரகுபதி!”

“வேணாம் மேடம்… உங்க கால்ல வுழறேன்… வேணாம்…”

கதவைத் தட்டும் ஓசை முதுகெலும்பில் இடி இடியாக இறங்கியது. அவன் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தான். வெளியே, வெள்ளை விளக்கின் கீழ், தரையில் கிடந்த ரஞ்சனியின் உதடுகள் மூடியே இருந்தன. அவற்றின் ஓரத்திலிருந்து கடல் தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.