விட்டுவைத்த மரம்

காலை 7.10.

சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டுத்தான் நாற்றுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். காட்டின் மூன்றாம் கூப்பில் எட்டுத் தேக்குகள் நிற்க வேண்டும். நின்றது ஒன்றே ஒன்று.

மற்ற ஏழும் அடிக்கட்டைகளாகக் கிடந்தன. மரத்தூள் இன்னும் ஈரம் உலராமல் மஞ்சளாகப் பரவியிருந்தது. லாரிச் சக்கரத் தடம் ஓடையைத் தாண்டி ரோட்டுப் பக்கம் போயிருந்தது. ஓடையில் வெள்ளம் போட்ட இரைச்சலில் இயந்திர ரம்பம் ஓடினாலும் ஊருக்குக் கேட்டிருக்காது. ஐந்தாவது கட்டைக்கு அருகே காட்டு வாட்சர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. பக்கத்தில் காவல் கம்பு.

நேற்றுக் காவல் அவள் கணவனுடையது.

அந்தக் காடு நாற்பது வீடுகளுக்குப் பொது. அதை ஏழு கூப்புகளாகப் பிரித்து அவர்களே வளர்த்தார்கள், அவர்களே காத்தார்கள். சம்பளத்துக்கு ஒரு வாட்சர் இருந்தாலும் தினமும் ஒரு வீடு முறை வைத்துக் காவல் போகும். மாலையில் காவல் முடித்தவர் கம்பை அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட வேண்டும். யார் வாசலில் கம்போ அவருக்கு மறுநாள் காவல். கம்போடு காட்டுக்குள் போகிறவரை யாரும் ஏன் எதற்கு என்று கேட்பதில்லை.

ஒவ்வொரு கூப்பிலும் ஒரு தாய்மரம் உண்டு. விதைக்கென்று விட்ட மரம். அதன் இடுப்பில் வெள்ளை வளையம் தீட்டியிருக்கும், அதில் ஒருவரும் கைவைக்க மாட்டார்கள். மூன்றாம் கூப்புத் தாய்மரத்துக்கு வயதாகிவிட்டது. இந்த வருஷம் அதன் காயை உடைத்தால் உள்ளே ஒன்றுமில்லை. காட்டுக்கு நாற்று வளர்க்கிற அவளே வேறொரு மரத்தைத் தேர்ந்தெடுத்து மூன்று நாளாகிறது. கேட்ட பெயிண்ட் வந்தபாடில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, சுண்ணாம்பையாவது பூசிவைப்போம் என்றுதான் அவள் இன்று வந்தாள்.

வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

காலை 8.45.

இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாதவர். பேசாதவரைப் பார்த்தால்தான் ஜனங்களுக்கு அதிக பயம். கூட்டம் தள்ளியே நின்றது. வளையம் போட்ட மரத்தைக்கூட விடவில்லையே பாவிகள் என்று யாரோ புலம்பினார்கள். வெளியூர்க் கும்பலின் வேலை, உள்ளூர்க்காரன் தாய்மரத்தைத் தொடுவானா என்றார்கள். இன்ஸ்பெக்டர் காவல் கம்பைக் காட்டி, இது வெளியூரிலிருந்தா வந்தது என்று கேட்டார்.

"நேத்து காவல் யாரு?"

"நான்தான் சார்" என்றான் அவள் கணவன்.

"கம்பு?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு மச்சான் வீட்டு வாசல்ல சாத்திட்டேன்."

"கதவைத் தட்டினியா?"

"தட்டுற பழக்கமில்ல சார்."

அந்த மச்சான், அதாவது நாற்றுக்காரியின் அண்ணன், காட்டுச் சங்கத்தின் செயலாளர். கிடங்குச் சாவியும் அவரிடம்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டு, கம்பு தன் வாசலுக்கு வரவே இல்லை என்றார். அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "வாட்சர் செத்தது விடியற்காலை அஞ்சு மணி வாக்கில. அப்ப உங்க வீட்டுக்காரர் வீட்ல இருந்தாராம்மா?"

மூன்று நாளாகக் கணவனும் மனைவியும் பேச்சுவார்த்தை இல்லை. தன்னிடம் பேசுவதைவிட நாற்றுகளிடம் அவள் அதிகம் பேசுகிறாள் என்று அவன் சொல்லப்போக, இனி நாற்றுகளிடம் மட்டுமே பேசுவேன் என்று அவள் வீம்பு பிடித்திருந்தாள். அவன் முன்னறையில், அவள் உள்ளறையில், நடுவே தாழ்ப்பாள்.

"தெரியாது சார்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அவன் முகம் செத்துப் போனதைப் பார்த்தாள்.

கான்ஸ்டபிள் அவன் கையைப் பிடித்தார். பன்னிரண்டு மணிக்கு வண்டி கிளம்பும் என்றார்கள். அண்ணன் வந்து அவள் தலையைத் தடவினார். "அழாதே தங்கச்சி. ஏழு போனாலும் தாய்மரம் ஒண்ணு தப்பிச்சுதே. அதை நினைச்சு மனசைத் தேத்திக்கோ."

இரண்டடி தள்ளி நின்ற இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டார்.

காலை 10.30.

அவள் நாற்றங்காலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பயம் என்றால் அப்படியொரு பயம். கணவனை இழந்துவிடுவோமோ என்பது பாதி. அவனே செய்திருந்தால் என்ற மீதிப் பாதிதான் அவளைக் கொன்றது. பத்து வருஷம் கூட வாழ்ந்தவனைப் பற்றி ஒரு தாழ்ப்பாளுக்கு அப்பால் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வேலிப் படலோரம் ஒரு சாக்கு இருந்தது. நேற்று மாலையே அதைப் பார்த்தாள். கணவன் விதை பொறுக்கிவந்து வைத்த சமாதானத் தூது என்று தெரிந்தே, ரோஷத்தில் தொடாமல் போனாள். இப்போது எழுந்து போய்க் குனிந்து பார்த்தாள். விதைச் சாக்கு எதுவானாலும் எந்த மரத்தடியில் பொறுக்கியது என்று சீட்டுக் கட்ட வேண்டும். சீட்டில் அவன் கோழிக் கிறுக்கல்: மூன்றாம் கூப்பு, தாய்மரம்.

ஒரு காயை எடுத்து உடைத்தாள். உள்ளே வெறும் கூடு. இன்னொன்று. அதுவும் கூடு.

இரண்டு கூடுகளையும் சீட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். நிம்மதி ஒரு நொடிதான். அதன் பின்னாலேயே முன்னதைவிடப் பெரிய பயம் வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

காலை 11.40.

நாற்றங்காலுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அவள் கேட்டுக்கொண்டபடி கணவனையும் அண்ணனையும் அழைத்து வந்திருந்தார்.

"சார், வெளியாள் வந்திருந்தா எந்த மரத்தை முதல்ல வெட்டுவான்?"

"பெருசா இருக்கிறதை."

"நிக்கிற மரம்தான் அங்கே பெருசு. அதை விட்டிருக்காங்க. அப்போ உள்ளூர் ஆள் ஒருத்தர் கூட நின்னு, இதை வெட்டு, அதை விடுன்னு கை காட்டியிருக்காரு. ஆனா உள்ளூர்க்காரங்க எல்லாருக்கும் வளையம் போட்ட மரம்தான் தாய்மரம். அதை விட்டுட்டு மத்ததை வெட்டச் சொல்லியிருப்பாங்க. இங்க தலைகீழா நடந்திருக்கு. வளையம் போட்டது போச்சு, வளையமே இல்லாதது நிக்குது."

தாய்மரத்தை மாற்றிய கதையை அவள் சொன்னாள். பிறகு சாக்கைக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் தாமே அதைத் தூக்கிப் பார்த்தார். சாக்கின் மேல்பக்கம் மழையில் நனைந்திருந்தது. அடியில் இருந்த மண் மட்டும் காய்ந்து கிடந்தது. மழை பெய்தது நேற்று இரவு எட்டு மணிக்கு, இன்று காலையில் யாரும் கொண்டுவந்து வைத்ததில்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சீட்டைப் படித்தார். அவள் உடைத்துக் கொடுத்த காய்களை விரலால் நிமிண்டினார்.

"மாத்தினது இவருக்குத் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா பழைய மரத்தடியில சொத்தைக் காயை இடுப்பொடியப் பொறுக்கியிருக்க மாட்டாரு. நான் சொல்லல. நாங்க பேசிக்கிறதில்ல."

"வேற யார்கிட்ட சொன்னீங்க?"

சின்ன வயதில் இடி இடித்தால் யார் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிவாளோ, அவரைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"பெயிண்ட் கேட்டு ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னேன். கிடங்குச் சாவி வெச்சிருக்கிறவர்கிட்ட."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். "வளையம் போட்ட மரம் போச்சுன்னு ஊரே புலம்பினப்போ, தாய்மரம் தப்பிச்சுதுன்னு ஒருத்தர்தான் சொன்னார். எனக்கு அப்ப அது விளங்கல."

அண்ணன் மறுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்பு வாசலுக்கு வந்தது உண்மைதான் என்றார். அதைக் கையில் வைத்திருந்தால் விடியற்காலையில் யார் பார்த்தாலும் காவல் என்று நினைப்பார்கள். மர வியாபாரியின் ஆட்களோடு போனார். ஏழு மரம், வெளியூர்க் கும்பல் மேல் பழி, அவ்வளவுதான் திட்டம். வாட்சர் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நீங்களா என்று கேட்டாராம். ஊருக்குச் சொல்லத் திரும்பினாராம். கையில் கம்பு இருந்தது.

கான்ஸ்டபிள் கணவனின் கையை விட்டுவிட்டு அண்ணனைப் பிடித்தார்.

படல் வரை போன அண்ணன் நின்றார். "தங்கச்சி. அந்த மரத்தையும் வெட்டச் சொல்லியிருந்தா?"

"நீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காதுண்ணே."

"பெருசு அது, அதையும் வெட்டுறோம்னுதான் நின்னானுங்க. நான்தான் விடல. இது போச்சுன்னா இந்தக் கூப்புக்கு விதையே கிடையாதுண்ணேன்னு அன்னிக்கு நீ சொன்ன."

வண்டி பன்னிரண்டு மணிக்கே கிளம்பியது. அவள் மண்ணில் உட்கார்ந்து விட்டாள். கணவன் அருகே வந்து நின்றான். அவள்தான் முதலில் பேசினாள்.

"சுண்ணாம்பு வாளி கூப்புலயே கிடக்கு. தனியா போக பயமா இருக்கு, கூட வாங்க."